கட்டை கட்டிய உடல்கள்

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கலை 'தாங்கும் வலு'வைத் தரும் என்று தொண்டு நிறுவன அறிக்கைகள் எழுதுகின்றன. எதைத் தாங்க? அதை மட்டும் அவை கேட்பதேயில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பெயரிலேயே ஒரு சண்டை உண்டு. நகரத்து ஆய்வுச் சொல்லாடலில் இது 'தெருக்கூத்து'. தெரு என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். 1990இல் சங்கமாகத் திரண்ட கலைஞர்கள் 'கட்டைக்கூத்து' என்றார்கள்: தலையிலும் தோளிலும் மார்பிலும் மரத்தாலான அணிகளைக் கட்டி ஆடுகிற கூத்து. இடத்தின் பெயரை உதறிவிட்டுத் தொழிலின் பெயரைச் சூடிக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை.

குருகுலத்தை ஹன்னே டி புருய்னோடு சேர்ந்து நடத்திய பெருங்கட்டூர் பொ. ராஜகோபால், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். விடிய விடிய ஆடுகிற பையன் வகுப்பில் தூங்குவான், அடி வாங்குவான், ஒருநாள் நின்றுவிடுவான். 'கூத்தாடிப் பயலுக்கு எதுக்குடா படிப்பு' என்று ஊரும் கதையை முடித்துவிடும். கூத்தா படிப்பா என்கிற இந்த எதிர்வைத்தான் குருகுலம் உடைக்கப் பார்த்தது. ஒரே வளாகத்தில் பாடப்புத்தகமும் அடவும் முகவீணையும்.

'குருகுலம்' என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தின் தனிப்பந்தி விவகாரத்தை மறந்துவிட்டு அந்தச் சொல்லை உச்சரிக்க முடியுமா? ஆனால் கூத்தாடிகள் அதை எடுத்துக்கொண்டபோது அர்த்தம் தலைகீழாகிறது என்றும் சொல்லலாம்.

ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த மேடை இது. அங்கே சிறுமிகள் பயின்றார்கள், ஆண் வேஷமும் கட்டினார்கள். குரலைத் தாழ்த்து, காலை ஒடுக்கு என்று வீடும் பள்ளியும் பழக்கிய உடல், கட்டை கட்டியதும் தொண்டையைத் திறந்து, காலை அகட்டி, களத்தை அளக்கிறது. அறிக்கைகள் சொல்லும் தாங்கும் வலு இதுவல்ல. இடம் கோருகிற வலு.

ஆனால் ராத்திரிக் கூத்துக்கு மருமகளை அனுப்புகிற வீடு எத்தனை? பயிற்சி முடித்த பெண் கல்யாணத்தோடு நின்றுபோவதைக் கலைக்கல்வியின் தோல்வி என்று குறித்துக்கொள்வது ரொம்பச் சுலபம். அந்த வீட்டையும், முன்பணம் கொடுத்துக் கூத்து வைக்கிற ஊரையும் யார் பயிற்றுவிப்பது என்று எந்த அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.