கேட்டிடிட்: ஒரு பூச்சியின் பெயர் வரலாறு

வட அமெரிக்காவின் கீழ்த்திசை மாகாணங்களிலுள்ள ஓக் மரக்காடுகளில், கோடையின் பிற்பகுதியில், பொழுது சாய்ந்து இருள் பரவியவுடன் மர உச்சிகளிலிருந்து கரகரப்பான ஒரு சப்தம் எழுந்து நெடுநேரம் ஓயாமல் ஒலிக்கும். மூன்று அசைகளாக அறுத்தறுத்து வரும் அவ்வொலியை, அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் தம் மொழியின் சொற்களாகவே செவியுற்று, ‘கேட்டி டிட்’ என்றனர். கேட்டி என்பது கேதரின் என்னும் பெண்பெயரின் செல்லக் குறுக்கம். ‘கேட்டிதான் செய்தாள்’ என்று ஒரு மரம் சாதிக்க, ‘கேட்டி செய்யவில்லை’ என்று அடுத்த மரம் மறுப்பதாக ஜனங்கள் கற்பித்துக்கொண்டனர். இக்கற்பனை ஆதாரமற்றதன்று. இப்பூச்சிகள் ஒன்றன் ஒலி அடங்கிய இடைவெளியில் மற்றொன்று ஒலிக்கும் இயல்புடையவை. ஆதலின் கேட்போர்க்கு அது வினாவும் விடையும்போலவே தோன்றும். இவ்வாறு பிறந்த ‘கேட்டிடிட்’ என்னும் சொல், முதலில் ஓர் இனத்திற்கு உரியதாக நின்று, பின்னர் அதன் குடும்பத்துப் பூச்சிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக விரிந்தது.

சப்தம் பிறக்கும் முறையும் அறியத்தக்கது. ஆண்பூச்சியின் முன்னிறகுகள் அடிப்பக்கத்தில் ஒன்றன்மேலொன்றாகப் படிந்திருக்கும். மேலே படியும் இடது இறகின் உட்புறத்தில் அரம்போன்ற பற்களுடைய நரம்பொன்றும், வலது இறகில் அதனை உராயும் விளிம்பும் உள்ளன. இறகுகள் திறந்து மூடும்போதெல்லாம் ஓரசை பிறக்கின்றது. அவ்வொலியை ஏற்கும் செவியோ தலையில் இல்லை. முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கிறது. வட்டாரத்திற்கு வட்டாரம் அசைகளின் எண்ணிக்கையும் விரைவும் வேறுபடுகின்றன. ஆகவே பெயரோடு ஒலி முற்றும் பொருந்துவது சில பிரதேசங்களில் மட்டுமே; பெயரிட்டவர் எப்பகுதியின் ஒலியைக் கேட்டனர் என்பதற்குச் சொல்லே சாட்சியாக நிற்கிறது.

சாஸ்திரப் பெயரின் வரலாறு முற்றிலும் வேறானது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸின் மாணாக்கரும் டென்மார்க் தேசத்தவருமான யோஹான் கிறிஸ்தியன் ஃபேப்ரிஷியஸ், 1775இல் வெளியிட்ட பூச்சியியற் பெருநூலில் இவ்வினத்திற்கு ‘லோகஸ்டா கமெலிஃபோலியா’ என்று பெயர் சூட்டினார். அவர் அமெரிக்கக் காடுகளைக் கண்டவரல்லர். ஐரோப்பியச் சேகரங்களில் ஊசியில் குத்தி வைத்திருந்த உலர்ந்த உடல்களைக் கொண்டே அயல்நாட்டுப் பூச்சிகள் பலவற்றிற்கு இலக்கணம் வகுத்தவர். ஆதலின் குடியானவனின் காதில் விழுந்த குரலுக்கு அவர் தந்த பெயரில் இடமில்லை. அகன்று குவிந்து பசுமையாய் விளங்கும் இறகின் வடிவே இடம்பெற்றது. ‘கமெலியா மரத்தின் இலையை ஒத்தது’ என்பது கமெலிஃபோலியாவின் பொருள். கமெலியாவோ கிழக்காசியாவின் மரவினம். நாம் நாள்தோறும் பருகும் தேயிலையும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. மொராவியாவில் பிறந்து, மணிலாவில் மருந்தாளராகத் தொண்டு புரிந்து, 1706இல் அங்கேயே காலமான கமெல் என்னும் ஏசுசபைத் துறவியின் ஞாபகமாக லின்னேயஸ் அம்மரத்திற்கு அப்பெயரை வழங்கினார். அட்லாண்டிக் கரையின் ஓக் மரத்தில் வாழும் ஒரு பூச்சி, ஆசியச் செடியொன்றின் வழியாக ஐரோப்பியத் துறவியொருவரின் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

இனப்பெயர் நிலைத்தது, அதற்கு முன்னின்ற பேரினப் பெயர் நிலைக்கவில்லை. 1825இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் கர்பி ‘இறகிலை’ எனப் பொருள்படும் ‘டெரோஃபில்லா’ என்னும் பேரினத்தை வகுத்தார். நம் பூச்சி இன்று டெரோஃபில்லா கமெலிஃபோலியா என வழங்குகிறது. இதனை முறைப்படி எழுதுவோர் ஃபேப்ரிஷியஸின் பெயரையும் 1775 என்னும் ஆண்டையும் பிறைக்கோட்டினுள் அடைப்பர். இனத்திற்குப் பெயரிட்டவர் அவரே, ஆனால் அவர் வைத்த பேரினத்திலிருந்து அது பெயர்க்கப்பட்டுவிட்டது என்பதே அவ்வடைப்பின் குறிப்பு.

அவர் வைத்த ‘லோகஸ்டா’ என்னும் சொல் விளைத்த குழப்பமும் சிறிதன்று. 1758இல் லின்னேயஸ், கூட்டமாய்ப் பயிரழிக்கும் ‘லோகஸ்ட்’ பூச்சிகளை ‘லோகஸ்டா’ என்னும் பிரிவிலும், நீண்ட உணர்கொம்புடைய பச்சைப்பூச்சிகளை ‘டெட்டிகோனியா’ என்னும் பிரிவிலும் வைத்திருந்தார். சிள்வண்டைக் குறிக்கும் ‘டெட்டிக்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே பின்னதற்கு மூலம். ஆயின் பின்வந்தோர் டெட்டிகோனியாவைச் சிள்வண்டினத்திற்கே ஆக்கி, லோகஸ்டாவை இப்பச்சைப்பூச்சிகளுக்குத் தந்துவிட்டனர். அதன் பயனாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாஸ்திர நூல்களில் லோகஸ்டிடே என்னும் குடும்பத்துள், உலகம் அஞ்சும் லோகஸ்ட் ஒன்றேனும் இல்லாத விபரீதம் நேர்ந்தது. முந்திய பெயருக்கே முதன்மை என்னும் விதி வலுப்பெற்ற பின்னரே, டெட்டிகோனியா தன் பழைய உரிமையைப் பெற்று, டெட்டிகோனிடே என்னும் குடும்பப் பெயர் ஊன்றியது. இன்று எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் அதனுள் அடங்கும்.

இவ்வரலாற்றைத் தமிழர் அறிய வேண்டுவதற்குக் காரணம் உண்டு. நம் வழக்கில் ‘வெட்டுக்கிளி’ என்னும் ஒரு சொல்லே, வயலை மொட்டையடிக்கும் குறுங்கொம்புப் பூச்சியையும், இலையோடு இலையாய் அமர்ந்து இரவில் ஒலிக்கும் நெடுங்கொம்புப் பூச்சியையும் சேர்த்துச் சுட்டுகிறது. முன்னதற்குச் செவி வயிற்றடியில், பின்னதற்குக் காலில். பின்னதன் பெண்ணுக்கு முட்டையிடும் உறுப்பு பெரும்பாலும் வாள்போல் நீண்டிருக்கும். இருவேறு பிராணிகளை ஒரே பெயரால் வழங்குவதன் கேட்டை லோகஸ்டா காட்டிவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர் லத்தீன் பெயரை அப்படியே பெயர்க்க முனையாமல், அப்பூச்சியை வாழுமிடத்திலே கண்டும் கேட்டும், நாட்டுப்புறத்தார் அதனை எவ்வாறு வேறுபடுத்தி அழைக்கின்றனர் என்று விசாரித்தும் பெயரிடுவாராயின், ஃபேப்ரிஷியஸின் கண்ணும் அமெரிக்கக் குடியானவனின் காதும் தனித்தனியே பெற்ற அறிவு, நம் மொழியில் ஒரு சொல்லிலேயே கூடிவிடும்.