பினாங்கு வைத்தியர் திறந்து வைத்த ஏடு

மருந்தின் மர்மத்தை மகனுக்குங் கூறாது மாண்ட வைத்தியர் நம்மவருள் எத்தனையோ பேர்! அவர்களோடு சுடுகாடு சென்ற கலைகளும் பல. 1879-இல் பினாங்குச் சீனக் குடும்பமொன்றில் பிறந்த டாக்டர் ஊ லியென் தே செய்ததோ இதற்கு நேர்மாறு.

1910-ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளை நோய் பரவிற்று. எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணமென்று பிறர் நம்பியிருக்க, இவர் பிணத்தை அறுத்துச் சோதித்து, அது மூச்சு வழியே தொற்றுவதெனக் கண்டார். பஞ்சும் துணியுங் கொண்ட முகக்கவசம் அணியச் சொன்னார். மெனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை ஏற்கவில்லை, அந்நோய்க்கே இரையானார். மாண்டோர் ஏறக்குறைய 60,000 பேர்.

நோய் அடங்கியதும் ஊ தம் குறிப்புகளைப் பெட்டியிற் பூட்டவில்லை. 1911 ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாட்டு அறிஞர் கூடிய மகாநாட்டுக்குத் தலைமை வகித்து, கண்டவற்றையெல்லாம் அவர்கள் முன் வைத்தார். அதன் அறிக்கை மறு ஆண்டு நூலாயிற்று.

நிற்க. 2020 ஜனவரி 11-இல் புதிய கொரோனா கிருமியின் மரபுவரிசையைச் சாங்காய் ஆராய்ச்சியாளர் இணையத்தில் எவரும் எடுத்தாள வெளியிட்டனர். அச்சுக்கூடத்துக்குக் காத்திருக்கவில்லை. தமிழருக்கும் அத்தகைய திறந்த ஏடொன்று உண்டு. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் தோட்டத்துப் பிள்ளையும் எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம். அது காசு கேட்பதில்லை; சாதியுங் கேட்பதில்லை. விஞ்ஞானம் எழுதும் கைகள்தாம் அங்கே இன்னும் போதவில்லை.