பெயர் மாறிய கொடி

ஊரின் பெயர் ஊராரைக் குறிப்பதை இடவாகுபெயர் என்பர் இலக்கண நூலார். பிரான்ஸ் தேசத்து வைன் போத்தல்களிலும் நெடுங்காலம் ஆட்சி செய்து வந்தது இந்த மரபே. லேபலில் ‘ஷாப்லி’ என்றிருக்கும். அது ஓர் ஊர். உள்ளே இருப்பது ஷார்டனே என்னும் முந்திரிகையின் சாறு என்பதை வாங்குபவரே அறிந்திருக்க வேண்டும். மண்ணும் காலநிலையுமே சுவையைத் தருகின்றன என்பது அவர்களது நம்பிக்கை. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடப்பெயர்களுக்குக் காவல் அமைத்தது. எந்த ஊரின் பெயருக்கு எந்த இனம் உரியது என்பதை விதிகளே வரையறுத்தன. எனவே, இனத்தின் பெயரை எழுத வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

அமெரிக்காவிலோ 1933 இல் மதுவிலக்கு நீங்கிய பின்னர், கலிபோர்னியாவில் வடித்ததையும் ‘பர்கண்டி’, ‘ஷாப்லி’ என்றே விற்றனர். இரவற் பெயர் வேண்டாம், முந்திரிகையின் பெயரையே எழுதுங்கள் என வாதிட்டவர்களுள் பிராங்க் ஸ்கூன்மேக்கர் முக்கியமானவர். அவ்வழக்கம் பரவியது. ஆயினும், அப்பெயரும் முழு உண்மையன்று. அங்கு பெயருக்குரிய இனம் 51 சதவீதம் இருந்தாற் போதும் என்றிருந்த விதி 1983 இல் 75 சதவீதமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 85 சதவீதம்.

பெயரை எழுதியவரே அறியாது பிழை செய்தால் என்னாகும்? 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்டோவிலிருந்து கொடிகள் சிலி நாட்டுக்குச் சென்றன. பின்னர் பில்லொக்சேரா என்னும் பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. மீண்டும் நட்டபோது, காய் பிடிக்கத் தவறும் கார்மெனேர் இனத்தைப் பலரும் கைவிட்டனர். அது ஏறத்தாழ மறக்கப்பட்டது. சிலியிலோ அது மேர்லோ கொடிகளோடு கலந்து, மேர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தது.

1994 நவம்பரில் பிரெஞ்சு அறிஞர் ஜோன் மிஷேல் பூர்சிக்கோ அங்கொரு தோட்டத்துக் கொடிகளைக் கூர்ந்து நோக்கி, இது மேர்லோ அன்று, கார்மெனேர் என்றார். 1998 இல் சிலி அரசும் அதனைத் தனி இனமாக ஏற்றது.

இதனால் மாறியது லேபல் மட்டுமன்று. கார்மெனேர், மேர்லோவுக்குச் சில வாரங்கள் பிந்தியே பழுப்பது. இரண்டையும் ஒன்றாகப் பறித்த காலத்தில் அது பழுக்காமலே போத்தலுக்குள் சென்றது. பச்சைக் கறிமிளகாயின் வாடை வீசியது. பெயர் தெரியாததால் அதன் பருவமும் தெரியாமற் போயிற்று. பெயரை மீட்ட பின்னரே, அது பழுக்கும்வரை காத்திருக்க உழவர் கற்றனர்.