பழைய லேத்துக்கு மோட்டர் பூட்டுபவர்களுக்கு: மின்வழங்கி அமைப்பது எப்படி?

கைச்சக்கரத்தால் இயங்கிய பழைய லேத்துக்கும் மில்லிங் இயந்திரத்துக்கும் ஸ்டெப்பர் மோட்டர் பூட்டிக் கணினியால் இயக்க விரும்புவோர் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் வீட்டு அறையொன்றில் சிறு இயந்திரம் வைத்திருப்பவரும் வன்னியில் பட்டறை நடத்துபவரும், கொட்டாஞ்சேனையில் இந்த வேலை செய்யும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: மோட்டருக்கு மின்வழங்கியை நாங்களே செய்யலாமா?

செய்யலாம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஆனால் டைனமோவில் பிழைத்தால் வானொலிதான் நிற்கும். லேத்தில் பிழைத்தால் கை போகும்.

கணக்கு

உதாரணத்துக்கு, 4 அம்பியர் மோட்டர்கள் மூன்று. அவற்றின் டிரைவர்கள் தாங்கும் உச்சம் 50 வோல்ட் என்று வைப்போம்.

30 வோல்ட் தரும் டிரான்ஸ்போமரை எடுங்கள். டயோட் பாலத்தால் நேரோட்டமாக்கும்போது 30 ஐ 1.41 ஆல் பெருக்கி, டயோட்டுகளில் இழக்கும் 2 வோல்ட்டைக் கழிக்க வேண்டும். ஏறத்தாழ 40 வோல்ட் வரும். எங்கள் 230 வோல்ட் மின்சாரம் 6 வீதம் கூடி, மோட்டர்களும் சும்மா நின்றால் இது 46 வரை ஏறலாம். அதனால்தான் 50 ஐ ஒட்டிக் கணக்குப் போடக்கூடாது. ஜெனரேட்டரில் ஓட்டுபவர்கள் அதன் வோல்ட்டை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்று மோட்டருக்கும் சேர்த்து 12 அம்பியர் தேவைப்படாது. இவ்வகை டிரைவர்களுக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 அம்பியர் போதும். கப்பாசிற்றர் மின்னை விட்டுவிட்டு இழுப்பதால் டிரான்ஸ்போமர் சூடேறும். எனவே 320 வாற் தேவைக்கு 500 விஏ அளவில் வாங்குங்கள்.

50 ஹேர்ட்ஸில் 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கப்பாசிற்றர் நிரம்பும். இடையில் 4 வோல்ட்டுக்கு மேல் இறங்காதிருக்க 20,000 மைக்ரோஃபரட் வேண்டும். 10,000 மைக்ரோஃபரட், 63 வோல்ட் கப்பாசிற்றர் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடுங்கள். கழற்றிய பழையதைப் போடாதீர்கள். மோட்டர் சடுதியாக நிற்கும்போது திருப்பித் தள்ளும் மின்னையும் இதுவே வாங்கிக்கொள்ளும்.

காப்பு

மின்சாரத்தை நிறுத்தியபின்னும் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும். ஸ்பானர் முட்டினால் பெரும் பொறி பறக்கும். அதன் இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோஓம், 5 வாற் தடையி ஒன்றைப் பூட்டினால் இரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும். வடிந்ததை மீற்றரால் பார்த்த பின்னரே கை வையுங்கள்.

டிரான்ஸ்போமருக்கு முன்னால் மெதுவாக உருகும் 4 அம்பியர் பியூஸ் இருக்கட்டும். பெட்டியையும் லேத்தின் உடலையும் ஏர்த்துடன் இணையுங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சாரம் திரும்பும் நொடி

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் போனதும், சுவிட்ச்சைப் போட்டபடியே விட்டுவிட்டு, சிக்கிய இரும்புச் சுருளை எடுக்கக் கை நீட்டுவது மனித இயல்பு. அந்த நேரம் கரண்ட் வந்தால்?

அதற்குத்தான் கொன்டக்டர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அது இழுத்துக்கொள்ளும். தன் துணைத் தொடுப்பினால் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்பி வந்தாலும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை எதுவும் ஓடாது. சிவப்பு நிறுத்தற் பொத்தானை அதன் சுருளுக்குத் தொடராகப் பூட்டுங்கள். லேத்தின் பிரதான மோட்டருக்கும் இதே ஏற்பாடு கட்டாயம். கொன்டக்டர் வாங்கக் காசில்லையென்றால், காசு சேரும்வரை வேலையைத் தள்ளிவையுங்கள்.

சோதனை

முதல் தடவை, மோட்டர்களை இணைக்காமல், 100 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்ப் ஒருகணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் தொடர்ந்து எரிந்தால் எங்கோ ஷோர்ட், நிறுத்தித் தேடுங்கள். பிறகு பல்ப்பை எடுத்துவிட்டு வோல்ட்டை அளந்து பாருங்கள்.

கடைசியில், இயந்திரம் ஓடும்போதே மெயின் சுவிட்ச்சை நிறுத்தி மறுபடி போடுங்கள். எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.