கறை சொல்லும் சாட்சி

சட்டையில் ஒரு சிவப்புக் கறை. அது வெற்றிலைச் சாறா, சாயமா, இரத்தமா? இரத்தம் என்றால் ஆட்டின் இரத்தமா, மனித இரத்தமா? ஒருவருடைய உயிரே இந்த விடையைப் பொறுத்திருந்தால் என்ன செய்வது?

1863ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்ற விஞ்ஞானி, ஹைட்ரஜன் பெராக்சைடு இரத்தத்தில் பட்டால் நுரைக்கும் என்று கண்டார். ஆனால் அது யாருடைய இரத்தம், எந்தப் பிராணியின் இரத்தம் என்பதை நுரை சொல்லவில்லை.

1898இல் ஜெர்மனியில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டனர். டெஸ்னோ என்ற தச்சர்மீது சந்தேகம் விழுந்தது. உடையிலிருந்த கறை மரச்சாயம் என்றார் அவர், விடுவிக்கப்பட்டார். 1901இல் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டனர். மீண்டும் அதே தச்சர், அதே பதில்!

அந்த ஆண்டில்தான் பால் ஊலன்ஹூத் என்ற மருத்துவர் புதிய சோதனை ஒன்றை வெளியிட்டிருந்தார். முயலின் உடலில் மனித இரத்தத்தைச் செலுத்தினால், அதை எதிர்க்கும் பொருள் முயலின் இரத்தத்தில் உண்டாகும். அந்த முயலின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, உப்புநீரில் கரைத்த கறையுடன் சேர்த்தால், மனித இரத்தமாயின் கலங்கும். இவ்வாறே ஆட்டு இரத்தத்தையும் அறியலாம். டெஸ்னோவின் உடையில் மனித இரத்தமும் ஆட்டு இரத்தமும் இருந்தன. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

அதே 1901இல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைப் பற்றி எழுதினார். பிரிவு ஒத்துப்போகாதவரை விலக்கிவிடலாம். ஆனால் ஒரே பிரிவினர் பலர் உண்டல்லவா?

அந்தக் குறையை நீக்கியது, 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்ட மரபணுச் சோதனை. அந்நாட்டின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1983இலும் 1986இலும் இரண்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். இரு இடங்களிலும் கிடைத்த விந்துக் கறைகளைச் சோதித்தபோது, இரண்டும் ஒரே ஆணுடையவை என்றும் அவன் அந்த ஆள் அல்லன் என்றும் தெரிந்தது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டான்.

அச்சத்தில் வாய் தவறான ஒப்புதல் தந்தாலும், கறை ஏழைக்கும் துணை நிற்கும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆகவே, குற்றம் நடந்த இடத்தைக் கழுவாமலும், கறைபட்ட துணியைத் துவைக்காமலும் போலீசாரிடம் ஒப்படைப்போம். துவைத்தால் அந்தச் சாட்சி சிதைந்துபோகக்கூடும்.