முற்றம் இல்லாத அங்கன்வாடி

டில்லியில் குளிர் விலகி வெயில் பிடிப்பதற்கு நடுவில் சுமார் ஆறு வாரம் கிடைக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. சின்னக் குழந்தையை நாள் முழுக்க வெளியே விட முடிகிற காலம் அதுதான். நவம்பரில் புகை. 2016, 2019, 2023, 2024 என்று பல வருடங்கள் காற்று மோசமாகி நவம்பரில் பள்ளிகளை மூடியிருக்கிறார்கள். ஜனவரியில் மூடுபனி, குளிர்கால விடுமுறை. ஏப்ரல் பாதிக்குமேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.

இந்த ஆறு வாரத்தில் டில்லிப் பெற்றோர்கள் என்ன செய்கிறார்கள்? நர்சரி அட்மிஷன் பட்டியலில் பிள்ளையின் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோமீட்டர், அதற்கு எத்தனை பாயிண்ட் என்ற கணக்கு. பி.காம் படித்த எனக்கே அந்தப் பாயிண்ட் கணக்கு தலை சுற்றும்!

ஊரிலிருந்து வந்த புதிதில் என்னைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே வேப்பமரம் இலை உதிர்ப்பது மார்ச்சில். அதே நாட்களில் இலவமரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். அரசமரம் செம்புநிறத் தளிர் விடும். அதாவது இலையுதிர் காலமும் வசந்தமும் ஒரே மாதத்தில் கைகோத்து வருகின்றன. ஆனால் குழந்தைகளின் படப்புத்தகத்தில் 'ஆட்டம்' என்று போட்டு, அக்டோபர் மாதத்தில் ஆரஞ்சு நிற மேப்பிள் இலை விழும். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேம்பு அந்தப் புத்தகத்துக்குள் வரவே வராது.

வசந்தத்தில் படிப்பைத் தொடங்குவது வடக்கே பழைய வழக்கம்தான். நமக்கு விஜயதசமி என்றால் வங்காளிகளுக்கு வசந்த பஞ்சமி. சரஸ்வதி பூஜையன்று குழந்தையின் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்துச் சிலேட்டில் எழுத வைப்பார்கள். சித்தரஞ்சன் பார்க் பக்கம் போனால் பார்க்கலாம்.

சரி, தலைப்புக்கு வருவோம். அங்கன்வாடி என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். ஹிந்தியிலும் மராத்தியிலும் 'ஆங்கன்' என்றால் வீட்டு முற்றம். தமிழிலும் அங்கணம் உண்டு, திருக்குறளிலேயே வருகிறது. ஆனால் நம் தென்மாவட்ட வீடுகளில் அது பாத்திரம் கழுவும் இடமாகச் சுருங்கிவிட்டது. சொல்லும் இடம் இல்லாமல் ஒடுங்கும் போலிருக்கிறது :-)

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கிஜுபாய் பதேக்கா என்று ஒரு குஜராத்தி வக்கீல். தனக்கு மகன் பிறந்த பிறகு இவனை எப்படி வளர்ப்பது என்று தேடப்போய் மாண்டிசோரியின் எழுத்தைப் படித்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரை ஆரம்பித்தார். பெரிய மீசைக்காரர், அதனால் 'மீசை வைத்த அம்மா' என்று அவருக்குப் பட்டப்பெயர். அடி கிடையாது, மனப்பாடம் கிடையாது. கதை, பாட்டு, மண், தோட்டம், அவ்வளவுதான். அவர் 1939 ஜூனில் காலமானார். அதே வருடம் நவம்பரில் மாண்டிசோரி அம்மையாரே சென்னைக்கு வந்து இறங்கினார்.

அந்தச் சென்னைக் கதை நம்மவர்களில் பலருக்கே தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான். பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். ஓலைக்கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு, நாடெங்கிலுமிருந்து 300 பேர்வரை வந்து படித்தார்கள். சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலிக்காரர் என்பதால் அவர் மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மாவின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்கு வைஸ்ராய் மகனை விடுதலை செய்து அனுப்பினார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். நான் ஆர்வமாகப் படித்தது இந்தப் பகுதியைத்தான். அதுவரை மாண்டிசோரி முறை என்றால் மரக்கட்டை, மணிச்சரம், உருளை என்று அறைக்குள் வைத்துப் பழகும் சாமான்கள் என்றுதான் பெரும்பாலும் பேச்சு. கொடையில் குளமும் புல்லும் பூச்சியும் வாசலிலேயே கிடந்தன. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்னவும் சேர்ந்துகொண்டார். பல வயதுக் குழந்தைகள் ஒன்றாக இருந்த ஒரு சின்னப் பள்ளி. செடிகளுக்கும் பிராணிகளுக்கும் பெயரும் வகையும் சொல்லும் பாடங்கள் அங்கே வளர்ந்தன. இன்று உலகமெங்கும் மாண்டிசோரிப் பள்ளிகளில் வைத்திருக்கிற தாவரவியல் பெட்டிக்குக் கொடைக்கானல் மலையில் ஒரு வேர் உண்டு.

கிஜுபாயிடம் 1923-ல் சேர்ந்தவர் தாராபாய் மோடக். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊருக்குப் போய் ஏழைக் குழந்தைகளுக்காக மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அங்கே வந்து சேர்ந்தார், பதின்மூன்று வயதில் கல்யாணமாகி சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர். ஒரு சிக்கல் வந்தது. சேரிக் குழந்தைகள் மையத்துக்கு வரவில்லை. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். கூழாங்கல், சோழி, விதை, இலை இவைதான் சாமான். முற்றத்தில் நடந்ததால் அங்கன்வாடி. பிறகு கோஸ்பாட் மலைக்கு இடம் மாறியபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காகப் புல்வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள். ஐரோப்பாவில் காட்டுப்பள்ளி என்று இப்போது ஆஹா ஓஹோ என்கிறோமே, அதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

டில்லிக்கும் இதில் பங்கு உண்டு. 1969, காந்தி நூற்றாண்டு. ராஜ்காட் அருகே கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்தது. சித்தாள் வேலை செய்த பெண்களின் குழந்தைகள் மணலிலும் ஜல்லியிலும் கிடந்ததைப் பார்த்தார் மீரா மகாதேவன். அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளை எடுத்து வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் மொபைல் கிரெஷஸ். வேலை முடிந்து கூலிக்காரர்கள் அடுத்த இடத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். வெளியே விளையாடுவது நல்லது என்று சும்மா சொல்லிவிடுகிறோம். வெளி என்பதே செங்கல் லாரியும் குழியுமாக இருக்கிற குழந்தைக்கு முதலில் ஒரு நிழல் வேண்டும் என்பதை அந்தக் கூடாரம் எனக்குச் சொல்கிறது.

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியபோது தாராபாயின் சொல்லையே மையத்தின் பெயராக எடுத்துக்கொண்டது. இன்று நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள். டில்லியில் மட்டும் பத்தாயிரத்துக்குமேல். பெயர் வந்தது, முற்றம் வரவில்லை. டில்லியில் பல மையங்கள் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைதான். சந்துக்குள், சில இடங்களில் மாடிப்படி ஏறி. வாடகைக்கென்று அரசு தரும் தொகையில் இந்த ஊரில் முற்றத்தோடு வீடு கிடைக்குமா? எந்த வங்கிக்காரனைக் கேட்டாலும் சிரிப்பான்.

பணம் கொடுப்பவர்கள் கதையும் அப்படித்தான். கடனுக்காக என் மேஜைக்கு வந்த ஒரு பிளே ஸ்கூல் திட்ட அறிக்கையில் ஏசி எத்தனை டன், கேமரா எத்தனை என்று வரிவரியாக இருந்தது. வெளியிடம் என்று ஒரு வரி இருந்தது, அதுவும் மொட்டைமாடியில் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல். அடமானத்துக்கு மண்தரையின் மதிப்பைக் கணக்கிடத் தெரிந்த எனக்கு, குழந்தை விளையாடும் மண்ணை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. கடன் தகுதிக்கு அது தேவையும் இல்லை.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு அங்கன்வாடி தீதி யமுனைக்கு அந்தப்பக்கம் மையம் நடத்துகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இருபது குழந்தைகள். அடுத்த தெருவில் பார்க் இருக்கிறது, ஆனால் காலை ஒன்பதுக்குமேல் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். பிப்ரவரி வந்தால் மாலியிடம் சொல்லிவைத்து, திறந்திருக்கும் நாளில் குழந்தைகளை வரிசையாகத் துப்பட்டாவைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிப்போகிறார். போன வாரம் பாஸ்புக் பதிய வந்தபோது பையிலிருந்து ஒரு இலவம்பூவை எடுத்துக் காட்டினார். எண்ணக் கற்றுக்கொடுக்கவாம். இதழ் ஐந்து, ஒவ்வொரு பூவுக்கும் தப்பாமல் ஐந்து. இந்த வாரம் மூன்று நாள் கேட் திறந்திருந்ததாம்.