ஃப்ரீசரில் வைத்த ஊசி மருந்து



சேத்தூரில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "சார், பிள்ளைக்குப் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி மருந்தை மெடிக்கலில் வாங்கி, கெட்டுப்போகக் கூடாதுன்னு ஃப்ரீசர்ல வச்சேன். உறைஞ்சிருச்சு. உருகினதும் போடலாமா?"

"வேண்டாம்மா. டாக்டர்கிட்ட சொல்லி வேற மருந்து வாங்கு" என்றேன்.

குளிர் எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தியாவில் முதன்முதலில் அம்மை குத்தப்பட்டது 1802-ல், பம்பாயில், அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. அன்று குளிர்பெட்டி ஏது? வெயிலில் அம்மைப்பால் வீணாகிவிடும். அதனால் ஒரு பிள்ளையின் கையிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்தியே அதைக் காப்பாற்றினார்கள். பின்னாளில் உறையவைத்து உலர்த்திய மருந்து வந்தது. அது வெயிலைத் தாங்கியது. சென்னை கிண்டி கிங் நிலையத்திலும் அதைத் தயாரித்தார்கள். 1980-ல் பெரியம்மை உலகிலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மற்றத் தடுப்பு மருந்துகளுக்கு இந்த வசதி அமையவில்லை. 1985-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, மருந்தோடு குளிரும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய்ச் சேர வேண்டியிருந்தது. அதற்கு வந்ததுதான் ஐ.எல்.ஆர். என்னும் பெட்டி. சுற்றிலும் பனிக்கட்டி இருப்பதால் கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது. கதவு மேல்பக்கம் இருப்பதால் திறந்தாலும் எளிதில் வெளியேறாது.

உள்ளே 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். அடிப்பகுதியில்தான் குளிர் அதிகம். உறைந்தாலும் கெடாத போலியோ, தட்டம்மை மருந்துகள் அடியில் இருக்கும். முத்தடுப்பு, டெட்டனஸ், மஞ்சள் காமாலை (பி) மருந்துகள் மேல் கூடையில். இவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அது திரண்டுவிடும், மருந்தின் வீரியம் போய்விடும். உருகியபின் பார்த்தால் நல்ல மருந்து போலவே தெரியலாம். ஊசி போட்டாயிற்று என்று நாம் நிம்மதியாக இருப்போம், பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்காது. ஆபத்தே அதுதான்.

காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துக் குறித்த செவிலியர்களின் உழைப்பும் சேர்ந்துதான் 2014-ல் நமக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தப் பெட்டியில் உங்கள் தண்ணீர் பாட்டிலை வைக்க நர்ஸம்மா மறுத்தால் கோபப்படாதீர்கள். அடிக்கடி திறந்தால் குளிர் குறையும்.

மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கே போங்கள்.